காப்பாற்றிய பிறகு

ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று எப்போது சொல்லலாம்? சாவிலிருந்து தூக்கிய அந்த நிமிடத்திலா, இல்லை அது நல்லபடியாக வாழ்ந்து முடித்த பிறகா? நாய், பூனை என்றால் இந்தக் கேள்வி நம்மை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து சோறு வைத்தால் பத்து நாளில் அது நம்ம வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். வாலை ஆட்டும், காலைச் சுற்றும். செய்த வேலைக்குக் கூலி கைமேல் கிடைத்துவிடும். நான் கேட்பது வேறு ஒரு பிராணியைப் பற்றி. தலை முதல் வால் நுனி வரை ஒன்றரை மீட்டர் வளரும். கிட்டே போனால் வாலைச் சுழற்றி அடிக்கும். 15 முதல் 20 வருஷம் வாழும். நம்மைப் பார்த்து ஒருநாளும் சந்தோஷப்படாது. இகுவானா என்று சொல்கிறோமே, அந்தப் பச்சை ஓணான்.

போன வருஷம் நம் இளைஞர் முகாமில் ஜீவகாருண்யம் பற்றிக் கலந்துரையாடல் நடந்தது. பசு வந்தது, தெருநாய் வந்தது, புறா வந்தது. நான் இகுவானா என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "அதெல்லாம் ஒரு பிராணியா தம்பி? பார்த்தாலே அருவருப்பா இருக்கு" என்றார் ஒரு அக்கா. அவர் மறைக்காமல் சொன்னார், அது நல்லதுதான். அருவருப்பு வருகிற இடத்தில் கருணைக்கு வேலை உண்டா இல்லையா என்று அன்றைக்குப் பேச நேரம் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் பல்லி சொன்னால் பலன் பார்க்கிறோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசையில் நிற்கிறோம். அதே உருவம் கொஞ்சம் பெரிதாக, உயிரோடு எதிரில் வந்தால் துடைப்பத்தைத் தேடுகிறோம். (என் அம்மாவும் துடைப்பக் கட்சிதான். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அன்றைக்குப் பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

காஜாங் பக்கம் ஒரு தாமானில் நாங்கள் மூன்று பேர், மூவருமே பொறியியல் மாணவர்கள், வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் காலி செய்தபோது பழைய மெத்தை, உடைந்த மின்விசிறியோடு ஒரு இகுவானாவையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற கூரைக்கு அடியில், கிளிக் கூண்டு ஒன்றில் அது மடங்கிக் கிடந்தது. வாலை நீட்ட இடம் இல்லை. கீழ்த்தாடை வீங்கி, தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. "டேய், உயிரோடதான்டா இருக்கு" என்று என் அறைத்தோழன் கூண்டைத் திறந்தான். நான்கு கிளினிக்குகளுக்குப் போன் போட்ட பிறகுதான் ஊர்வனவற்றைப் பார்க்கிற மருத்துவர் ஒருவர் கிடைத்தார்.

எலும்பில் சுண்ணாம்புச் சத்து போய்விட்டது என்றார் அவர். இதன் காரணம் தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இகுவானா இலை தின்கிற பிராணி. இலையில் இருக்கிற கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3-ஐ அது தன் தோலிலேயே தயாரித்துக்கொள்ளும், வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டால். யுவிபி என்று சொல்கிற பகுதி, ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரை. கூரைக்கு அடியில் அது போதுமான அளவு கிடைக்காது. கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் வைத்தாலும் கிடைக்காது. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை விடும், ஆனால் யுவிபியில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். கால்சியம் உள்ளே வராதபோது உடம்பு சும்மா இருக்காது. இரத்தத்தில் அது குறைந்தால் தசையும் இதயமும் ஓடாது என்பதால், சொந்த எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற நாட்டில், வெயில் இல்லாமல் ஒரு பிராணியின் எலும்பு கரைந்திருக்கிறது! அதை யாரும் அடித்ததாகத் தெரியவில்லை. கூண்டில் வாடிய கங்கோங் கிடந்தது, தண்ணீர்க் கிண்ணம்கூட இருந்தது. கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நிழலில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

என் படிப்பு எனக்கு உதவிய இடம் இது. கட்டுப்பாட்டுப் பொறியியல் வகுப்பில் வெப்பநிலையைச் சீராக வைக்கிற கருவியைப் பற்றிப் படிக்கிறோம். ஒரு சென்சார் அளக்கும், வேண்டிய அளவோடு ஒப்பிடும், ஹீட்டரைப் போடும் அல்லது அணைக்கும். மனிதனுக்கும் நாய்க்கும் இந்த ஏற்பாடு உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இகுவானாவுக்கு அதில் பாதி வெளியே இருக்கிறது. குளிர்ந்தால் வெயிலுக்கு நடக்கும், சூடேறினால் நிழலுக்கு நடக்கும். அந்த நடைதான் அதன் ஹீட்டர் சுவிட்ச். தின்ற இலையைக் குடலில் நொதிக்க வைத்துச் செரிப்பதற்கே அதற்கு நல்ல சூடு வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சூடு கிடைக்காமல் செரிக்க முடியாமல் கிடக்கும்.

அப்படின்னா, கூண்டைப் பூட்டுகிறவன் என்ன செய்கிறான்? அதன் நடமாட்டத்தை மட்டும் தடுக்கவில்லை. அதன் உடம்பில் ஒரு பாகத்தையே பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பாகம் செய்த வேலையை அவன்தான் செய்ய வேண்டும், ஒரு நாள்கூட விடாமல். தேர்வு நாளிலும், தீபாவளிக்கு ஊருக்குப் போன நாளிலும். பெரிய பல்லி இனங்களை வளர்ப்பதில் இருக்கிற தர்மப் பிரச்சினையே எனக்கு இங்கேதான் தெரிகிறது. "அன்பா பார்த்துக்குவேன்" என்று சொல்வது இங்கே போதவே போதாது. அன்போடு ஜன்னல் ஓரம் வைத்தாலும் எலும்பு கரையும்.

யுவிபி குழல் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பிரச்சினை என்னவென்றால் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். நம் கண்ணுக்கு முதல் நாள் மாதிரியே வெளிச்சம் தரும், யுவிபி மட்டும் குறைந்துகொண்டே போகும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக நடக்கிற மாதிரி இருக்கும். மருத்துவர் இதைச் சொன்னபோது எனக்கு விளக்கு மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு தடவை செய்த நல்ல காரியத்தை வைத்து ரொம்ப நாள் நம்மையே நல்லவர் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதுவும் வந்தது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதல் இரண்டு மாதம் விளக்கு, மருந்து. பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டு, பின்பக்கம் வெயில் படுகிற இடத்தில் கூண்டு கட்டினோம். 2 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். வளர்ந்த ஒரு இகுவானாவுக்கு இதற்குக் கீழே போகக்கூடாது. ஒரு பக்கம் காலை வெயில் நேராக விழும், மறு பக்கம் எப்போதும் நிழல், நடுவில் ஏறுவதற்குக் கிளைகள். அதாவது, பிடுங்கிய சுவிட்சைக் கொஞ்சமாவது அதனிடமே திருப்பிக் கொடுக்கிற கூண்டு. வெப்பமானியை வைத்து மணிக்கு ஒரு தடவை இரண்டு முனையையும் அளந்தோம். எங்கள் இறுதியாண்டு புரொஜெக்டுக்குக்கூட இவ்வளவு அளந்தது இல்லை.

சாப்பாடு சுலபம் என்று நினைத்தோம், அது சுலபம் இல்லை. மாட்டிறைச்சி, பூனை பிஸ்கட் கொடுத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆசையாகத் தின்னும், சிறுநீரகம் கெட்டுப்போகும். பசலைக் கீரையை அதிகம் கொடுத்தால் அதில் இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது முருங்கைக்கீரையும் செம்பருத்தியும்தான். பக்கத்து லோரோங்கில் இருக்கிற பாட்டி வீட்டு முருங்கையில் வாரம் இரண்டு தடவை ஒடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "உங்க முதலைக்குக் கொண்டு போங்கடா" என்பார். வேலியோரச் செம்பருத்தியின் இலை, பூ இரண்டையும் தின்னும். நம் தேசிய மலரை இவ்வளவு மரியாதையோடு மென்று தின்கிற வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. கழுத்துக்குக் கீழே தொங்குகிற அந்தத் தோலும், கிளையில் அமர்ந்து யாரையும் கண்டுகொள்ளாத பார்வையும் சேர்ந்து, அதற்கு 'டத்தோ' என்று பெயர் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு முக்கியம். ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாகவே இருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, நமக்கு ஆகும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையலறைப் பாத்திரத்தை அதற்குப் பயன்படுத்தக்கூடாது. சட்டமும் உண்டு. பச்சை இகுவானா சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற இனம். தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-ஐ நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான். எதைத் தூக்கி வந்தாலும் முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை, நாங்களும் அப்படித்தான் செய்தோம். சிங்கப்பூரில் இருக்கிற நம் வாசகர்களுக்கு விஷயம் இன்னும் எளிது. அங்கே இகுவானாவை வீட்டில் வளர்க்க அனுமதியே இல்லை.

தாத்தா ஒருநாள் வந்தார். கூண்டுக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "நாங்க தோட்டத்துல இருந்தப்போ உடும்பு கெடைச்சா கறி வெச்சிருவோம். மூச்சிறைப்புக்கு நல்லதுன்னு சொல்வாங்க" என்றார். பிறகு, "பாவம், தாடை கோணிப்போச்சே" என்று ஒரு செம்பருத்திப் பூவைக் கம்பி வழியாக நீட்டினார். தாடை இனி நேராகாது. கால் நடுக்கம் நின்றுவிட்டது.

தாத்தா சொன்ன உடும்பு வேறு, இது வேறு. நம் ஊர் லோங்காங்கில் நீந்துகிற, மாமாக் கடைக்குப் பின்னால் குப்பையைக் கிளறுகிற பியாவாக்தான் உடும்பு இனம். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும், மீன், நண்டு, எலி, செத்த பிராணி எல்லாம் தின்னும். கொமோடோவுக்கு அடுத்தபடி உலகத்தில் பெரிதாக வளர்கிற பல்லிகளில் ஒன்று. நமக்கெல்லாம் முன்னாலிருந்தே இந்த மண்ணில் இருப்பது. இகுவானா மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்தது. கப்பலிலும் விமானத்திலும் விற்பனைக்கு வந்தது.

இந்த வித்தியாசத்தால் 'காப்பாற்றுதல்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு எதிரெதிர் அர்த்தம் வந்துவிடுகிறது. தாமான் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும்: "பியாவாக் ஒன்று வந்திருக்கிறது, யாராவது வந்து ரெஸ்கியூ செய்யுங்கள்." படத்தைப் பார்த்தால் அது கால்வாய் ஓரத்தில் நன்றாக வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதற்கு எந்த ஆபத்தும் இல்லை. காப்பாற்றப்பட வேண்டியது நம் பயம். காடி மோதி அடிபட்ட பியாவாக் என்றால் உதவி வேண்டும்தான், ஆனால் அந்த உதவி முடிகிற இடம் அது பிடிபட்ட அதே கால்வாய். அதை வீட்டில் வைத்துக்கொண்டால் அது மீட்பு இல்லை, திருட்டு. இகுவானாவுக்கு நேர் எதிர். அதை வைத்துக்கொள்ள வேண்டும், விடக்கூடாது.

விடக்கூடாது என்பதை என் நண்பர்களிடம் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. "ஏன்டா, கூண்டுல போட்டு வதைக்கிறதுக்கு ஆத்தோரமா கொண்டு போய் விட்டா சுதந்திரமா இருக்கும்ல?" சொல்கிறவனுக்கு நல்ல மனசுதான். சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அந்த இகுவானா செத்துப்போனால் அது விடுதலை இல்லை. சாகாமல் பெருகினால், ஒரு பெட்டை ஒரு தடவைக்கு 20 முதல் 70 முட்டை வரை இடும், அப்போது அந்த ஆற்றோரம் யாருடைய சுதந்திரம்? சிங்கப்பூரில் மேற்குப் பகுதியில் இகுவானாக்கள் ஏற்கெனவே காட்டில் குடியேறிவிட்டன. விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியம் என்று பிராணிகளை விடுகிறவர்களிடம் அங்கே தேசியப் பூங்காக் கழகம் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சாத குறைதான். பினாங்கு கெக் லோக் சி கோயிலுக்குப் போனவர்கள் ஆமைக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். விடுதலைக் குளம் என்றுதான் பெயர். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கிடக்கும். நான் எந்தச் சமயத்தாரையும் குறை சொல்லவில்லை. கையை விட்டு அனுப்பிய அந்த நொடியில் நமக்குக் கிடைக்கிற நிம்மதியை அந்தப் பிராணியின் நன்மை என்று நினைத்துக்கொள்கிற பழக்கம் எல்லாச் சமயத்திலும் இருக்கிறது, சமயம் இல்லாதவர்களிடமும் இருக்கிறது.

கரீபியன் கடலில் கிராண்ட் கேமன் என்று ஒரு தீவு. அங்கே இரண்டு இகுவானாக்கள். ஒன்று நீல இகுவானா, உலகத்தில் அந்த ஒரு தீவுக்கு மட்டுமே சொந்தம். 2000-களின் தொடக்கத்தில் காட்டில் 25-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. மனிதர்கள் முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்து, வளர்த்து, காட்டில் விட்டுக்கொண்டே வந்தார்கள். 2018-ல் அப்படி விடப்பட்டவற்றின் எண்ணிக்கை 1,000 ஆனது. மற்றது நம் டத்தோவின் இனம், பச்சை இகுவானா. அந்தத் தீவைச் சேர்ந்தது இல்லை, மனிதர்களால் வந்தது. செடிகொடிகளையெல்லாம் தின்று பெருகிவிட்டது. அதே 2018 அக்டோபரில் அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி அவற்றைக் கொல்லத் தொடங்கியது. கொல்லப்பட்டவை பத்து லட்சத்துக்கு மேல்.

அஹிம்சை பேசுகிற நமக்கு இதைப் படிக்கும்போது என்ன தோன்ற வேண்டும்? எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். அந்தத் தீவு மக்கள் கொல்லாமல் விட்டிருந்தால், அந்த ஆயிரம் நீல இகுவானாவும் அவற்றின் காடும் பச்சை இகுவானாக்களோடு போட்டி போட வேண்டியிருந்திருக்கும். கொன்றதும் பாவம், விட்டிருந்தாலும் பாவம் என்கிற நிலைமை. அந்த நிலைமையைக் கொண்டு வந்தவர் துப்பாக்கி பிடித்தவர் இல்லை. எப்போதோ ஒருநாள் "போய்ப் பிழைச்சுக்கோ" என்று ஒன்றிரண்டைக் கையிலிருந்து இறக்கிவிட்ட, அல்லது தப்ப விட்ட யாரோ. பத்து லட்சம் கொலையில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் நான் சொல்வேன், அவர் கண்ணில் அன்றைக்குக் கண்ணீர் இருந்திருந்தாலும்.

எங்கள் வீட்டுக்குள் பெரிய சண்டை வந்தது இதற்கு அல்ல. ஒரு பசார் மாலாமில் உள்ளங்கை அளவு இகுவானாக் குஞ்சுகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து விற்றார்கள். மின்னுகிற பச்சை, பொம்மை மாதிரி. ஒன்று மூலையில் கண் மூடிக் கிடந்தது. அறைத்தோழன் பர்சை எடுத்துவிட்டான். "50 வெள்ளிதான்டா, வாங்கலன்னா நாளைக்கு செத்துரும்." நான் தடுத்தேன். நீ வாங்கினால் அந்த இடம் காலியாகும், நீ கொடுத்த காசிலேயே அடுத்த வாரம் இன்னொன்று வந்து படுக்கும் என்றேன். அதற்கு அவன் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. "ஆத்துல ஒருத்தன் முங்குறான்னா, நாளைக்கு இன்னொருத்தன் முங்குவான்னு சொல்லிட்டு நிப்பியா?"

யோசித்துப் பார்த்தால் உவமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆற்றில் விழுந்தவனைத் தூக்குவதற்கு ஆற்றுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. இங்கே கொடுக்கிறோம். இரக்கப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தால், சீக்கான பிராணியும் நல்ல சரக்குதான். ஆனாலும் அந்த மூலையில் கிடந்த குஞ்சிடம் இந்தப் பொருளாதாரத்தை விளக்க முடியாது. அதற்கு அடுத்த குஞ்சைப் பற்றிக் கவலை இல்லை. அன்றைக்கு நாங்கள் வாங்கவில்லை, உரிமம் கேட்டோம், விற்றவர் முறைத்தார், இடத்தைக் குறித்து பெர்ஹிலித்தானுக்குப் புகார் கொடுத்தோம். என் நிலை இதுதான்: கைவிடப்பட்டதை எடுக்கலாம், விற்பதை இரக்கத்துக்காக வாங்கக்கூடாது. அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் பக்கமும் நியாயம் இருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

மருத்துவர் முதல் நாளே இன்னொரு வழியையும் சொல்லியிருந்தார்: வலி இல்லாமல் ஊசி போட்டு முடித்துவிடலாம். மூன்றாவது நண்பன் அதற்குத்தான் சம்மதித்தான். "நாம மூணு பேரும் ஸ்டூடண்ட்ஸ். மூணு வருஷத்துல எங்க இருப்போம்னே தெரியாது. இது 15 வருஷம் இருக்கும். இப்போ காப்பாத்திட்டு அப்புறம் விடுறதுக்கு இப்பவே முடிக்கிறது மேல்." அவனைக் கல்நெஞ்சன் என்று நாங்கள் திட்டினோம். இத்தனை மாதம் கழித்துச் சொல்கிறேன், எங்கள் மூவரில் பின்னால் வரப்போகிற வருஷங்களை அன்றைக்கு எண்ணிப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். நான் அவன் முடிவை ஏற்கவில்லை. பிழைக்க வாய்ப்பு இருக்கிற, வலியைக் குறைக்க முடிகிற ஓர் உயிரை நம் அட்டவணைக்கு ஒத்துவராது என்று முடிப்பது சரியில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் கூண்டு கட்டுவதும் சரியில்லை.

டத்தோவுக்கு எங்களைப் பிடிக்குமா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், பிடிக்காது. நாங்கள் ஆபத்து இல்லை என்று பழகிக்கொண்டது, அவ்வளவுதான். தடவும்போது கண்ணை மூடும். "பாரு, சுகமா இருக்கு அதுக்கு" என்று படம் எடுப்பார்கள். சுகத்தில் மூடுகிறதா, பிடிக்காததைப் பார்க்க வேண்டாம் என்று மூடுகிறதா என்று யார் கண்டது? இனப்பெருக்கக் காலத்தில் உடம்பு செம்மஞ்சள் ஆகிவிடும். தலையை மேலும் கீழும் ஆட்டும். அப்போது கூண்டுக்குள் கை விட்டால் கிழித்துவிடும். பலர் அந்த வயதில்தான் அதைக் கைவிடுகிறார்கள். குஞ்சாக இருந்தபோது கொஞ்சியவர்கள்தான். அவர்கள் பணம் கொடுத்து வாங்கியது பாசத்தை. அது அந்தச் சரக்கில் எப்போதுமே இருந்ததில்லை.

இதனால்தான் இந்தப் பிராணியைப் பார்த்துக்கொள்வது எனக்கு ஒரு பாடமாகப்படுகிறது. பலன் எதிர்பார்க்காமல் கடமை செய் என்று சமய வகுப்பில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். காலை ஏழரைக்கு, நம்மைக் கண்டால் வாலை ஓங்குகிற ஒன்றுக்கு முருங்கை உருவிக்கொண்டு நிற்கும்போதுதான் அது எவ்வளவு சலிப்பான விஷயம் என்று புரிந்தது. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். ஜீவகாருண்யத்துக்கு அவர் கொடுத்த வடிவம் ஓர் அடுப்பு. அடுப்பு என்றால் நாளைக்கும் விறகு வேண்டும், அரிசி வேண்டும். உருக்கம் வருகிறதா இல்லையா என்று பார்த்து எந்த அடுப்பும் எரிவதில்லை.

இப்போது எங்கள் நிலைமைக்கு வருகிறேன். இந்த வருஷத்தோடு படிப்பு முடிகிறது. ஒருவனுக்கு ஜொகூரில் வேலை, ஒருவன் மேல்படிப்பு, எனக்கு இன்னும் தெரியாது. டத்தோவை ஆறு மாதமாக இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். 400 வெள்ளி தருகிறேன் என்று ஒருவர் வந்தார், கோணல் தாடையைப் பார்த்துவிட்டு 150 என்றார். குஞ்சு பொரித்து விற்க ஆண் வேண்டுமாம். இன்னொருவர் காப்பிக் கடை வைத்திருக்கிறார், கடை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கூட்டம் வரும் என்றார். கண்ணாடி என்றதும் மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

கடைசியில் கிள்ளானில் ஓர் அண்ணன் கிடைத்தார். தொழில் லாரி ஓட்டுவது, கைவிடப்பட்ட இகுவானா நான்கு ஏற்கெனவே அவர் வீட்டுப் பின்பக்கம் இருக்கின்றன, எல்லாம் முறைப்படி. கூண்டுகளைப் பார்த்தோம், வெயில் விழுகிற பக்கத்தைத் தொட்டுப் பார்த்தோம். அவர் எங்களைத்தான் அதிகம் கேள்வி கேட்டார். என்ன தின்னும், எப்போது மலம் போகும், எந்த மாதம் கோபம் வரும். பிறகு, "காசு ஒண்ணும் வேணாம் தம்பி, ஆனா கொண்டாந்து விட்டுட்டு மறந்துராதீங்க" என்றார். அதனால் மூவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: மாதம் ஆளுக்கு 40 வெள்ளி, மருத்துவச் செலவு வந்தால் மூன்றாகப் பிரிப்பது, யாருக்கு எந்த ஊரில் வேலை கிடைத்தாலும். ஊசி போடச் சொன்னவன்தான் அந்தத் தாளை எழுதினான்.

"உங்களுக்கு என்ன வயசு அண்ணே?" என்று நான் கேட்டேன். 44 என்றார். கேள்வி ஏன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு 55 ஆகறப்பவும் இது இருக்கும், கணக்குப் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். உரிமத்தை அவர் பெயருக்கு மாற்றுவதற்கான தாள்களை அடுத்த வாரம் பெர்ஹிலித்தானுக்குக் கொண்டுபோகிறோம்.